புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீரில் காற்று வந்தால்... பேசப்படாத ஃபிஸ்டுலாவும் அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையும்

2024 ஜனவரி முதல் வாரத்தில் அமெரிக்காவில் விநோதமான ஒரு கேள்வி எழுந்தது: நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் எங்கே? 70 வயது லாய்ட் ஆஸ்டின் ஜனவரி 1 அன்று வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். வெள்ளை மாளிகைக்கே விஷயம் தெரிந்தது ஜனவரி 4 அன்றுதான். காரணம் என்ன என்பது 9ஆம் தேதி வரை வெளியே வரவில்லை. டிசம்பர் 22 அன்று அவருக்கு புராஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அடுத்த நாளே வீடு திரும்பியவர், பத்தே நாளில் வயிறு, இடுப்பு, கால் என்று கடுமையான வலியோடு மீண்டும் வந்து சேர்ந்தார். சிறுநீர்த் தொற்று. கூடவே வயிற்றுக்குள் திரவம் தேங்கி, சிறுகுடலின் வேலையைத் தடுத்துக்கொண்டிருந்தது.

'அதிபரிடம் ஏன் சொல்லவில்லை?' என்பதிலேயே அப்போது விவாதம் முழுக்கப் போய்விட்டது. பிப்ரவரி 1 அன்று செய்தியாளர்களைச் சந்தித்த ஆஸ்டின், நோய் தெரிந்ததும் தனக்குத் தோன்றிய முதல் எண்ணமே இதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வதுதான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். உலகின் மிகப் பெரிய ராணுவங்களில் ஒன்றை நிர்வகித்தவருக்கே இந்தத் தயக்கம் என்றால், நம் வீட்டு அப்பா, சித்தப்பா, தாத்தா எல்லாம் எம்மாத்திரம்?

ஆஸ்டினுக்கு வந்த சிக்கல் ஃபிஸ்டுலா இல்லை. ஆனால் புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின் என்னென்ன ஆகலாம் என்ற பேச்சை அந்தச் சம்பவம் கொஞ்சம் திறந்துவிட்டது. அந்தப் பேச்சில் சிறுநீர்க் கசிவு வந்தது, ஆண்மைக் குறைவு வந்தது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அரிதானது, வந்தவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், சொல்லத் தாமதமானால் சிக்கலாகிவிடும். சிறுநீர்ப் பாதைக்கும் மலக்குடலுக்கும் நடுவே விழும் ஓட்டை அது.

இது 'பவுத்திரம்' இல்லையா?

ஃபிஸ்டுலா என்றாலே நம் ஊரில் பவுத்திரம்தான் நினைவுக்கு வரும். பஸ் ஸ்டாண்டு சுவரிலும் மின்கம்பத்திலும் 'மூலம், பவுத்திரம், ஒரே நாளில் நிவாரணம்' என்று ஒட்டியிருப்பார்களே, அதே பவுத்திரம். மருத்துவத்தில் ஃபிஸ்டுலா என்பது பொதுச்சொல். உடலில் ஒன்றோடொன்று சேரக் கூடாத இரண்டு இடங்களுக்கு நடுவே உருவாகும் தவறான பாதை எதுவானாலும் அதற்கு அந்தப் பெயர்தான். பவுத்திரத்தில் ஆசனவாயின் உட்புறத்திலிருந்து வெளித்தோல் வரை பாதை போகும். இங்கே நாம் பேசுவது வேறு. மலக்குடலிலிருந்து சிறுநீர்ப் பாதைக்குள் பாதை திறக்கிறது. சிறுநீர் இந்தப் பக்கமும், காற்றும் மலமும் அந்தப் பக்கமும் போகத் தொடங்குகின்றன.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் ஆசனவாய் வழியாக நீர் கசிகிறது என்று ஒருவர் தெருமுனை 'மூலம் கிளினிக்'குக்குப் போனால், அங்கே ஊசி போடுவதும் அறுப்பதும் நூல் கட்டுவதும் நடக்கலாம். எதுவும் இந்த ஓட்டையை மூடாது. பெரிதாக்கிவிட வாய்ப்பு உண்டு.

சரி, ஓட்டை எப்படி விழுது?

புராஸ்டேட் சுரப்பி இருக்கும் இடத்தைப் பார்த்தால் புரியும். மேலே சிறுநீர்ப்பை. நடுவில் துளைத்துக்கொண்டு சிறுநீர்ப் பாதை. பின்னால், ஒட்டினாற்போல மலக்குடல். புராஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. 19ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த பிரெஞ்சு உடற்கூறு அறிஞர் டெனான்விலியேயின் பெயரால்தான் இன்றும் அதை அழைக்கிறார்கள்.

புற்றுநோய்க்காக புராஸ்டேட்டை முழுவதுமாக எடுக்கும்போது, மருத்துவர் இந்தச் சவ்வை ஒட்டியே பிரித்துக்கொண்டு போக வேண்டும். சுரப்பியின் கீழ்முனையில் இடம் மிகவும் குறுகல். அங்கே கத்தி அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் மலக்குடல் சுவரில் கீறல் விழலாம். அந்த நிமிடமே கண்ணில் பட்டுவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இரண்டு அடுக்காகத் தைத்து, காற்றையோ நீரையோ செலுத்திக் கசிகிறதா என்று சோதித்து முடித்துவிடுவார்கள்.

கண்ணில் படாத காயம்தான் சிக்கல். ரத்தக் கசிவை நிறுத்த மின்சூடு வைக்கும்போது சுவர் லேசாக வெந்துபோயிருக்கலாம். ஆபரேஷன் டேபிளில் அது முழுசாகத்தான் தெரியும். சில நாளில் வெந்த திசு உதிர்ந்து துளை திறக்கும். இன்னொரு விஷயம்: புராஸ்டேட்டை எடுத்த பிறகு சிறுநீர்ப்பையைக் கீழே இழுத்து, மீதமுள்ள சிறுநீர்ப் பாதையோடு சேர்த்துத் தைக்கிறார்கள். அந்தத் தையல் நேராக மலக்குடலின் மேல்தான் உட்காரும். அங்கே கசிவோ தொற்றோ வந்தால் பக்கத்துச் சுவரையும் சேர்த்து அரித்துவிடும்.

ஏற்கெனவே அந்த இடத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்கள், புராஸ்டேட் வீக்கத்துக்கு முன்பே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், மலக்குடலில் அறுவை சிகிச்சை நடந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், எது எந்தச் சுவர் என்றே பிரித்துப் பார்ப்பது கடினமாகிவிடும்.

'ரோபோ செஞ்சா இதெல்லாம் வராதுல்ல?' என்பது கன்சல்டிங் அறையில் தவறாமல் வரும் கேள்வி. புராஸ்டேட்டை எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு. 1904இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹ்யூ ஹாம்ப்டன் யங் தொடங்கியது. 1982இல் அதே மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் நரம்புகளைக் காப்பாற்றி எடுக்கும் முறையைச் செய்துகாட்டினார். 2000களின் தொடக்கத்தில், புதுச்சேரி ஜிப்மரில் படித்த டாக்டர் மணி மேனன், டெட்ராய்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் ரோபோ முறையைப் பெரிய அளவில் செய்து உலகெங்கும் பரவச் செய்தார். ரோபோவால் ரத்த இழப்பு குறைந்தது, பெரிதாக்கிய தெளிவான காட்சி கிடைத்தது, வீடு திரும்பும் நாட்கள் குறைந்தன. மலக்குடல் இருக்கும் இடம் மட்டும் மாறவில்லை. கருவியை இயக்குவது கன்சோலில் உட்கார்ந்திருக்கும் மனிதர்தான் என்பதால், ரோபோ முறையிலும் இந்தக் காயம் அரிதாக நடக்கத்தான் செய்கிறது.

எவ்வளவு அரிது? எப்படித் தெரியும்?

கதிர்வீச்சு வாங்காத ஒருவருக்கு முதல்முறையாக நடக்கும் புராஸ்டேட் அறுவை சிகிச்சையில், இந்த ஃபிஸ்டுலா வர வாய்ப்பு நூறில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே ஆபரேஷன் தேதி வாங்கிக் காத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

பெரும்பாலும் சிறுநீர் டியூபை எடுத்த பிறகு, சில நாள் அல்லது சில வாரத்தில் ஆரம்பிக்கும். சிறுநீர் போகும்போது கடைசியில் காற்றுக் குமிழ்கள் வரும். சிலருக்கு 'புஸ்' என்ற சத்தமே கேட்கும். சிறுநீர் கலங்கலாக, மலம் கலந்தது போல, கடும் நாற்றத்தோடு இருக்கும். சிறுநீர் கழிக்கும்போதே ஆசனவாய் வழியாகத் தண்ணீர் போல ஒழுகும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போடுபவர்கள் உண்டு. ஆன்டிபயாடிக் முடிந்ததும் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, குளிர் காய்ச்சல் ஆகியவையும் இதன் அடையாளங்களே.

இதில் எதையும் ஒரு 65 வயது மனிதர் மகனிடமோ மருமகளிடமோ சுலபமாகச் சொல்லிவிடுவாரா? 'வயசாச்சு, ஆபரேஷன் பண்ணின உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். பாத்ரூமில் அதிக நேரம் இருப்பார். விசேஷ வீடுகளுக்குப் போகமாட்டார். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார், தொற்று இன்னும் மோசமாகும். மலத்தில் உள்ள கிருமிகள் நேராகச் சிறுநீர்ப் பாதைக்குள் போவதால், சிறுநீரகம் வரை தொற்று ஏறி ரத்தத்தில் கலக்கும் ஆபத்து நிஜமானது. வெட்கத்தை மீறி 'அப்பா, யூரின்ல காத்து வருதா?' என்று நேரடியாகக் கேட்பது வீட்டில் யாராவது ஒருவருடைய வேலையாக இருக்க வேண்டியிருக்கிறது. அம்மாக்களுக்குத்தான் பெரும்பாலும் முதலில் தெரிந்திருக்கும். துணி துவைப்பவர்கள் அவர்கள் ஆயிற்றே.

மருத்துவர்கள் இதை உறுதிசெய்யச் சிறுநீர்ப் பாதைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பார்கள்; மலக்குடலுக்குள்ளும் பார்ப்பார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் சிறுநீர்ப் பாதையில் செலுத்திப் படம் எடுத்தால், அது மலக்குடலுக்குள் ஒழுகுவது தெரிந்துவிடும். ஓட்டையின் அளவு, இடம், சுற்றி சீழ் இருக்கிறதா, புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்பதற்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் எனிமா கொடுப்பது, ஆசனவாயில் மருந்து வைப்பது, தெர்மாமீட்டர் வைப்பது எல்லாம் கூடாது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருப்பார்கள். மலச்சிக்கலுக்கு வீட்டில் எனிமா கொடுக்க முன்வரும் உறவினருக்கு அந்த வரியைக் காட்டுங்கள்.

உடனே தைத்துவிடக் கூடாதா?

குடும்பங்கள் மிகவும் கோபப்படும் இடம் இதுதான். ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தும், மருத்துவர் 'மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்' என்கிறார். போதாக்குறைக்கு வயிற்றில் பை வேறு வைக்கச் சொல்கிறார். சிகிச்சையைத் தட்டிக்கழிப்பதாகத் தோன்றும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. தொற்றும் வீக்கமும் உள்ள திசு, ஈரமான காகிதம் மாதிரி. ஊசி போட்டால் நூல் அறுத்துக்கொண்டு வரும். தினமும் மலம் கடந்துபோகும் இடத்தில் போட்ட தையல் பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். ஒருமுறை தோற்றால், அடுத்த முறை அங்கே தழும்பு கூடியிருக்கும், ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். ஆக, முதல் பழுதுபார்ப்புதான் மூடுவதற்கான சிறந்த வாய்ப்பு. அதை அவசரத்தில் வீணாக்கக் கூடாது என்பதில் இந்தத் துறை மருத்துவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள்.

எனவே முதல் கட்டம், மலத்தையும் சிறுநீரையும் அந்த இடத்திலிருந்து திருப்பிவிடுவது. சிறுநீருக்கு டியூப். மலத்துக்கு, குடலின் ஒரு பகுதியை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து பை ஒட்டுவது. ஓட்டை மிகச் சிறியதாக, கதிர்வீச்சு படாத இடத்தில் இருந்தால், டியூபை மட்டும் சில வாரம் வைத்தோ, பையோடு சேர்த்தோ தானாகவே மூடிக்கொள்வதும் நடக்கிறது. சிலருக்கு அதிர்ஷ்டம் அங்கேயே முடிந்துவிடும். காய்ச்சல், சீழ், சிறுநீரில் மலம் என்று இருப்பவர்களுக்குப் பை வைப்பதைத் தள்ளிப்போட முடியாது.

பிறகு காத்திருப்பு. வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம். இந்த மாதங்களில் பையை மாற்றுவது எப்படி, சுற்றியுள்ள தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் ஸ்டோமா நர்ஸ் ஒருவர் கிடைத்துவிட்டால் பாதிப் பாரம் குறைந்துவிடும். நல்ல பை ஒட்டியிருந்தால் சட்டைக்குள் தெரியாது. ஆபீஸ் போகலாம், பயணம் போகலாம். ஆனால் இதை நம்ப ஒரு மனிதருக்கு நேரம் பிடிக்கும். புற்றுநோய் போய்விட்டது என்று ரிப்போர்ட் வந்த கையோடு வயிற்றில் பையோடு உட்கார்ந்திருப்பவரிடம் 'உயிர் பிழைச்சீங்களே, அது போதாதா?' என்று கேட்பது ஆறுதல் ஆகாது.

மூடும் அறுவை சிகிச்சை: தொடைத் தசை, கன்னத்துத் தோல்

எந்த முறையாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். ஒட்டிக்கொண்ட இரண்டு குழாய்களையும் பிரிக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக மூட வேண்டும். இரண்டு தையல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் நடுவில் ரத்த ஓட்டமுள்ள ஆரோக்கியமான திசுவை வைத்து அடைக்க வேண்டும். எந்த வழியாக உள்ளே போவது என்பதில்தான் வித்தியாசம்.

பின்பக்க வழி ஒன்று. 1969இல் பிரிட்டனில் கில்பாட்ரிக், யார்க் மேசன் ஆகியோர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு 'யார்க் மேசன் முறை' என்றே பெயராகிவிட்டது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, வால் எலும்பிலிருந்து ஆசனவாய் வரை திறக்கிறார்கள். மலத்தை அடக்கும் தசைகளையே வெட்டிக் கடக்க வேண்டும். கேட்கவே பயமாக இருக்கும். வெட்டும் ஒவ்வொரு தசை அடுக்கிலும் இருபுறமும் அடையாள நூல் கட்டிவைத்துக்கொண்டு, திரும்ப வரும்போது ஜோடி ஜோடியாக அதே இடத்தில் சேர்த்துத் தைப்பதுதான் இதன் சூட்சுமம். பழகிய கைகளில் மலம் அடக்கும் சக்தி போவது அரிது. ஓட்டை நேருக்கு நேர் கண்ணில் தெரியும். கதிர்வீச்சு படாத, சிறிய ஃபிஸ்டுலாவுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

இன்று பல பெரிய மையங்கள் விரும்பும் இன்னொரு வழி, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி வழியாகப் போவது. இதில்தான் தொடைத் தசை வருகிறது. தொடையின் உட்புறத்தில் 'கிராசிலிஸ்' என்ற நீளமான, மெல்லிய தசை இருக்கிறது. அதன் கீழ்முனையை முழங்கால் பக்கத்தில் விடுவித்து, மேலே இருந்து வரும் ரத்தக்குழாயை மட்டும் அறுக்காமல் விட்டு, தோலுக்கு அடியில் சுரங்கம் போட்டு, இரண்டு குழாய்களுக்கும் நடுவே கொண்டுவந்து மெத்தை போல வைத்துத் தைத்துவிடுவார்கள். அதன் வேலையைப் பக்கத்துத் தசைகள் பார்த்துக்கொள்ளும். நடையில் பெரிய மாற்றம் தெரியாது.

சிறுநீர்ப் பாதையில் உள்ள ஓட்டை பெரிதாக இருந்தால், இழுத்துத் தைத்தால் பாதையே குறுகிவிடும். அப்போது வாய்க்குள், கன்னத்தின் உட்புறத் தோலில் ஒரு துண்டை எடுத்து ஒட்டுப்போடுகிறார்கள். ஏன் கன்னம்? எப்போதும் ஈரத்திலேயே இருந்து பழகிய தோல் அது. முடி முளைக்காது. எடுத்த இடம் சீக்கிரம் ஆறிவிடும். அடிபட்டோ தொற்றாலோ சிறுநீர்ப் பாதை சுருங்கியவர்களுக்கு இந்த ஒட்டைப் போடுவதில் இந்திய யூராலஜி மருத்துவர்களுக்கு நல்ல அனுபவம் உண்டு. புனேவைச் சேர்ந்த டாக்டர் சஞ்சய் குல்கர்னியின் பெயரிலேயே ஒரு முறை சர்வதேச அளவில் அறியப்படுகிறது. வெற்றிலை, புகையிலை மெல்லும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கன்னத்துத் தோல் கெட்டுப்போயிருக்கலாம் என்பது நம் ஊருக்கே உரிய சிக்கல்.

ஆசனவாய் வழியாகவே போய் மலக்குடல் சுவரின் ஒரு மடிப்பை இழுத்து மூடும் முறை சிறிய ஓட்டைகளுக்கு உண்டு. வயிற்று வழியாக, இப்போது ரோபோ மூலமாகவும், போய்க் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையை இறக்கி அடைக்கும் முறையும் உண்டு. எது நல்லது என்று ஒரே வரியில் பதில் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம். இது அரிய நோய் என்பதால், முறைகளை நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் கிடையாது. அந்தந்த மருத்துவருக்குப் பழகிய வழியே பெரும்பாலும் தேர்வாகிறது.

கதிர்வீச்சு வாங்கியிருந்தால் கதை வேறு

கதிர்வீச்சு புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும்போது பக்கத்துத் திசுவின் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் மெல்ல அடைத்துவிடுகிறது. ரத்தம் வராத இடத்தில் தையல் பிடிக்காது. அதனால் இங்கே தானாக மூடும் என்று காத்திருப்பதில் பெரும்பாலும் பலன் இல்லை. நடுவில் தசையை வைப்பது ஏறக்குறைய கட்டாயமாகிறது.

2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 74 நோயாளிகளைப் பார்த்தது. எல்லோருக்கும் நடுவில் தசை வைத்து, தேவைப்பட்டவர்களுக்குக் கன்னத்து ஒட்டும் போடப்பட்டது. கதிர்வீச்சு வாங்காதவர்கள் அனைவருக்கும் ஒரே அறுவை சிகிச்சையில் ஓட்டை மூடியது. வாங்கியவர்களில் 84 சதவீதம் பேருக்கு மூடியது. அனுபவம் மிகுந்த ஒரே குழுவின் கணக்கு இது என்பதை மறக்கக் கூடாது. எல்லா ஊரிலும் இதே எண் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

திசு மிகவும் கெட்டுப்போய், சிறுநீர்ப்பையும் சுருங்கிப்போனவர்களுக்கு மூட முயல்வதே வீண் வேலையாகலாம். சிறுநீரை நிரந்தரமாக வயிற்றுப் பைக்குத் திருப்பிவிடுவது அவர்களுக்கு நிம்மதியான வாழ்க்கையைத் தரக்கூடும்.

கதிர்வீச்சு வாங்கியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: சில மாதம் அல்லது வருடம் கழித்து மலத்தில் ரத்தம் வரலாம். வேறொரு ஊரில், பழைய கதை தெரியாத மருத்துவர் கொலோனோஸ்கோப்பி செய்து, மலக்குடலின் முன்பக்கச் சுவரில் புண் தெரிகிறதே என்று பயாப்ஸிக்குச் சதை எடுத்தால், அந்தக் காயம் ஆறாமல் ஃபிஸ்டுலாவாக மாறிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. 'புராஸ்டேட்டுக்கு ரேடியேஷன் வாங்கியிருக்கேன்' என்பதை ஸ்கோப் போடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

'வெற்றி' என்றால் எது வெற்றி?

மருத்துவக் கட்டுரைகளில் வெற்றி என்பது பெரும்பாலும் ஓட்டை மூடியதா என்பதுதான். நோயாளியின் கணக்கு வேறு. ஓட்டை மூடிய பிறகும் இருமினால் சிறுநீர் கசியலாம். சிறுநீர்ப் பாதை சுருங்கி, அதை அவ்வப்போது விரிக்க வேண்டி வரலாம். புராஸ்டேட் ஆபரேஷனிலேயே நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் தாம்பத்திய உறவு முன்போல இருக்காது. கசிவு நிற்கவில்லை என்றால், எல்லாம் நன்றாக ஆறியபின் செயற்கை வால்வு பொருத்துவது பற்றி யோசிக்கலாம். இவை எல்லாவற்றையும் பற்றி ஆபரேஷனுக்கு முன்பே கேட்பதில் தவறே இல்லை. 'மூடிடும் சார்' என்ற பதிலோடு எழுந்து வந்துவிட வேண்டாம்.

பையும் உடனே போய்விடாது. மூடிய சில வாரங்கள் கழித்து மறுபடி மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, ஒரு துளியும் கசியவில்லை என்று உறுதியான பிறகே டியூபை எடுப்பார்கள். அதன்பின் இடைவெளி விட்டு, இன்னொரு சிறிய அறுவை சிகிச்சையில் குடலை உள்ளே வைப்பார்கள். முதல் காற்றுக் குமிழில் இருந்து பை எடுக்கும் நாள் வரை கூட்டினால் ஒரு வருடம் ஓடிவிடும். வேலை, லீவு, இன்ஷூரன்ஸ், வங்கிக் கடன் எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்கு என்று திட்டமிட வேண்டியிருக்கும்.

அப்படியென்றால் ஆபரேஷனே வேண்டாமா?

இதற்குப் பதில் புற்றுநோயின் வகையைப் பொறுத்தது. பிரிட்டனில் நடந்த 'புரொடெக்ட்' ஆய்வின் 15 வருட முடிவுகள் 2023இல் வெளியாயின. புராஸ்டேட்டைத் தாண்டாத புற்றுநோய் உள்ள 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள்: கண்காணிப்பு மட்டும், அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு. 15 வருடத்தில் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தம் 2.7 சதவீதம் மட்டுமே. கண்காணிப்பில் 3.1, அறுவை சிகிச்சையில் 2.2, கதிர்வீச்சில் 2.9. மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கண்காணிப்புக் குழுவில் நோய் மற்ற இடங்களுக்குப் பரவியது ஏறக்குறைய இரு மடங்கு. அந்தக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிறகு ஏதோ ஒரு சிகிச்சைக்குப் போனார்கள்.

ஆரம்பநிலை, வீரியம் குறைந்த கட்டி என்றால், ரிப்போர்ட் வந்த வாரமே ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. யோசிக்க, இரண்டாவது கருத்து கேட்க நேரம் இருக்கிறது. வீரியம் அதிகமான கட்டியாக இருந்தால், நூறில் ஒன்றுக்கும் குறைவான ஃபிஸ்டுலா பயத்துக்காகச் சிகிச்சையைத் தவிர்ப்பது பெரிய தவறாகிவிடும். ஜோ பைடனுக்கு 2025 மே மாதம் கண்டறியப்பட்டபோது நோய் எலும்பு வரை போயிருந்தது.

யார் செய்கிறார் என்பதும் முக்கியம். 2007இல் வந்த ஓர் ஆய்வு, திறந்தமுறை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் ஒருவர் ஏறக்குறைய 250 ஆபரேஷன் செய்யும் வரை நோய் திரும்பாமல் இருக்கும் விகிதம் மேம்பட்டுக்கொண்டே போவதைக் காட்டியது. அது ஃபிஸ்டுலாவைப் பற்றிய ஆய்வு இல்லை. இருந்தாலும் 'நீங்க இதுவரை எத்தனை பண்ணியிருக்கீங்க டாக்டர்?' என்ற கேள்வியில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்பதற்கு அது போதும். மலக்குடல் காயம் பட்டால் என்ன செய்வீர்கள், கூடவே குடல் அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிறாரா என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பு கேட்கலாம்.

இந்தக் கேள்விகள் இனி அதிகமான வீடுகளில் எழப்போகின்றன. உலகில் 2020இல் 14 லட்சமாக இருந்த வருடாந்திர புராஸ்டேட் புற்றுநோய் எண்ணிக்கை 2040இல் 29 லட்சமாகும் என்று 'லான்செட்' ஆணையம் 2024இல் கணித்தது. ஆயுள் கூடுவதும் முதியோர் தொகை கூடுவதும்தான் முக்கியக் காரணம். ஆபரேஷன்கள் கூடினால் சதவீதம் குறைவாகவே இருந்தாலும் ஃபிஸ்டுலாவோடு வருபவர்களின் எண்ணிக்கையும் கூடும். அதை மூடுபவர் முதல் ஆபரேஷன் செய்தவராகவே இருக்க வேண்டும் என்றில்லை. சிறுநீர்ப் பாதைப் புனரமைப்பில் தனிப்பயிற்சி பெற்ற யூராலஜிஸ்ட், குடல் அறுவை சிகிச்சை நிபுணர், தேவைப்பட்டால் பிளாஸ்டிக் சர்ஜன் என்று குழுவாக இயங்கும் பெரிய மருத்துவமனைக்குப் போவது நல்லது. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முதல் அறுவை சிகிச்சையின் ஆபரேஷன் நோட்ஸ், பயாப்ஸி ரிப்போர்ட், இதுவரையிலான பி.எஸ்.ஏ. அளவுகள், கதிர்வீச்சு எடுத்திருந்தால் அதன் அளவும் தேதிகளும், ஸ்கேன்களின் சி.டி. ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எடுத்துச் செல்ல வேண்டும். ஆபரேஷன் நோட்ஸ் நகலைக் கேட்டுப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு.